யோசேவாஸ் முனிவர் காத்திருந்த காலம்

தவக்காலத்து இரவுகளில் வேலிக்கு அப்பாலிருந்து எழும் ஓர் ஓசை என் இளமையோடு கலந்தது. நான் சைவக் குடியிற் பிறந்தவன், அயல்வீட்டார் கத்தோலிக்கர். இராச்சாப்பாடு முடிந்ததும் அவர்கள் விறாந்தையிற் பாய் விரிப்பார்கள். வீட்டுப் பெரியவர் விளக்கைத் தூண்டிவிட்டு, வியாகுலப் பிரசங்கத்தை இராகத்தோடு வாசிக்கத் தொடங்குவார். யேசுநாதர் பட்ட பாடுகளைச் சொல்லும் அந்த உரைநடை ஒப்பாரி போலவும் இருக்கும். புராண படனம் போலவும் இருக்கும். கோயிலிற் கந்தபுராணப் படிப்புக் கேட்டுப் பழகிய என் செவிக்கு அது அந்நியமாகத் தோன்றவில்லை. பொருள் முற்றும் விளங்காத வயதிலேயே அந்தத் தமிழ் எனக்குப் பிடித்துப் போயிற்று.

பின்னாளில் தமிழ் படிப்பிக்கும் தொழிலுக்கு வந்தபோதுதான் அந்நூலை ஆக்கியவர் யார் என அறிந்தேன். அவர் யாக்கோமே கொன்சால்வெஸ் சுவாமிகள். கோவாவிற் பிறந்தவர், 1705ஆம் ஆண்டில் இலங்கைக்கு வந்தவர், சிங்களத்திலும் தமிழிலும் நூல்கள் செய்து, 1742இல் இந்நாட்டிலேயே மறைந்தவர். ஈழத்துத் தமிழ் உரைநடையின் வரலாற்றை எழுதுவோர் அவரை விட்டுவிட்டு எழுத முடியாது. ஆனால் அவர் இங்கு வந்து சேர்ந்தது தற்செயலாக நிகழ்ந்ததன்று. அவருக்கு முன்னே ஒருவர் இத்தீவில் தன்னந்தனியாக நின்றார். துணைவர் வேண்டுமென்று ஆண்டவனை வேண்டினார்; கோவாவிலிருந்த சகோதரருக்கும் எழுதினார்; ஏறத்தாழப் பத்து ஆண்டுகள் காத்திருந்தார். அவர்தாம் யோசேவாஸ் முனிவர்.

அவருடைய கதையை இப்பொழுது எழுதுவதற்கு ஒரு காரணம் உண்டு. பிரசங்கம் வாசித்த அந்தப் பெரியவரின் மகளும் நானும் பிற்காலத்தில் ஒரே பாடசாலையில் ஆசிரியர்களாயிருந்தோம். நாட்டின் கொடிய காலத்தில் ஒருநாள் வீட்டைவிட்டுப் போன அவருடைய மகன் திரும்பி வரவில்லை. ஆண்டுகள் பல கழிந்துவிட்டன. இளைப்பாறிவிட்ட அந்த அம்மையார் மாலைதோறும் மகனுக்காகச் செபமாலை சொல்லுகிறார். அதற்கு முன்னே, அயலிலுள்ள பிள்ளைகளை அதே விறாந்தையில் இருத்திப் பாடஞ் சொல்லிக் கொடுக்கிறார். ஒருநாள் அவர் என்னிடம், விடை வராத வேண்டுதலை நெஞ்சில் வைத்துக்கொண்டு ஒருவர் எப்படி வாழ்வது என்று கேட்டார். குறைப்பட்டுக் கேட்கவில்லை; ஒரு சொல்லுக்குப் பொருள் கேட்பதுபோலக் கேட்டார். எனக்குச் சொல்லத் தெரியவில்லை. வீட்டுக்கு வந்து யோசேவாஸ் முனிவரின் வரலாற்றை மீண்டும் எடுத்துப் படித்தேன்.

முதலிற் காத்திருந்தவர்கள்

அந்த வரலாறு முனிவரிடத்தில் தொடங்கவில்லை. அவருக்காக, அவரை அறியாமலே, காத்திருந்த மக்களிடத்தில் தொடங்குகிறது.

யாழ்ப்பாண இராச்சியம் 1619இற் போர்த்துக்கேயர் வசமாயிற்று. அவர்கள் காலத்தில் எங்கள் சைவக் கோயில்கள் இடிக்கப்பட்டன. பின்பு ஒல்லாந்தர் வந்தனர். 1656இல் கொழும்பும், 1658இல் மன்னாரும் யாழ்ப்பாணமும் அவர்கள் கைக்கு மாறின. இப்பொழுது கத்தோலிக்கரின் முறை வந்தது. ஒல்லாந்தர் புரட்டஸ்தாந்துக் கிறிஸ்தவர்; கத்தோலிக்கரைப் போர்த்துக்கேயரின் ஆட்கள் என்றே கருதினர். குருமார் துரத்தப்பட்டனர். கத்தோலிக்கக் குரு ஒருவருக்கு வீட்டில் இடங் கொடுப்பவருக்கு மரண தண்டனை என்று கட்டளை பிறந்தது. கோயில்கள் ஒல்லாந்தரின் பள்ளிகளாகவும் வணக்க வீடுகளாகவும் மாற்றப்பட்டன.

அந்தப் பள்ளிகளில் எங்கள் தொழிலின் முன்னோர் இருந்தார்கள். பள்ளி உபாத்தியாயர் தோம்பு எழுதுவார். ஞானஸ்நானமும் விவாகமும் அந்தத் தோம்பிற் பதியப்பட வேண்டும். பதியாவிட்டால் பிள்ளைக்கு முதுசம் கிடைப்பதே வழக்காகிவிடும். பிள்ளை பள்ளிக்கு வராவிட்டால் பெற்றோர் குற்றப்பணம் கட்ட வேண்டும். ஆகவே மக்கள் பகலில் ஒருவராகவும் இரவில் ஒருவராகவும் வாழக் கற்றனர். விரத நாளில் உண்ட வாழையிலையைக் கூரைக்குள் ஒளித்துவைத்த சைவர் கதையை எங்கள் பாட்டிமார் சொல்லக் கேட்டிருக்கிறோம். செபமாலையை மறைத்துவைத்த கத்தோலிக்கர் கதையும் அதே காலத்ததே.

ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் யாழ்ப்பாணத்துக் கத்தோலிக்கருக்குக் குருவானவர் இல்லை. பூசை இல்லை, பாவசங்கீர்த்தனம் இல்லை. ஒரு தலைமுறை பிறந்து, வளர்ந்து, பிள்ளை பெற்றுவிட்டது. தாய்மார் தமக்குத் தெரிந்த செபங்களை வாய்ப்பாடமாகப் பிள்ளைகளுக்குக் கொடுத்தனர். எவரேனும் வருவார் என்று அவர்களுக்கு எந்த உறுதியும் இருக்கவில்லை. இருந்தும் அடுப்பில் நெருப்பை நீறு மூடி வைப்பதுபோல அவர்கள் அதைக் காத்து வைத்திருந்தனர்.

கோவாவில் ஓர் இளங்குரு

யோசேவாஸ் 1651ஆம் ஆண்டு ஏப்பிரல் 21ஆந் திகதி கோவாவிலுள்ள பெனோலிம் என்னும் ஊரிற் பிறந்தார். கொங்கணி பேசும் கிறிஸ்தவப் பிராமணக் குடும்பம் அவருடையது. போர்த்துக்கேய மொழியும் இலத்தீனும் கற்று, 1676இற் குருவானார். குருவானபின் பாதரட்சையை விட்டுவிட்டு ஏழைகள்போல வெறுங்காலோடு நடக்கத் தொடங்கினார் என்பர். மறுவருடம், தம்மைத் தேவமாதாவின் அடிமையாக எழுதிக் கொடுத்த ஓர் அடிமைச் சாசனத்திற் கைச்சாத்திட்டார்.

இலங்கைக் கத்தோலிக்கர் குருவின்றித் தவிக்கும் செய்தி அவர் செவிக்கு எட்டியது. அங்கே போகவேண்டும் என்ற வேட்கை அன்றே அவர் உள்ளத்தில் வேரூன்றியது. கேட்டார். கிடைக்கவில்லை. 1681ஆம் ஆண்டில் மேலிடத்தார் அவரைக் கன்னட நாட்டின் கடற்கரைப் பகுதியாகிய கனராவுக்கு அனுப்பினர். அங்கே போர்த்துக்கேய அரசனின் உரிமையின்கீழ் நின்ற குருமாருக்கும் உரோமாபுரியிலிருந்து நேரே அனுப்பப்பட்ட மேற்றிராணியாருக்கும் இடையே அதிகாரப் பிணக்கு. எவர் சொல்வதைக் கேட்பது என்று தெரியாமல் மக்கள் கலங்கினர். விரும்பிக் கேட்ட இடம் ஒன்று. போகச் சொன்ன இடம் மற்றொன்று. அங்கே காத்திருந்தது பிறர் சண்டை.

நம்மில் எத்தனை பேர் அந்நிலையில் மனம் ஒடிந்திருப்போம்! அவரோ சண்டையிற் சேராமல் சமாதானஞ் செய்தார். இடிந்த கோயில்களைச் செப்பனிட்டார். ஊர் ஊராய் நடந்தார். நடக்க நடக்கக் காலும் உரமேறியது. முன்பின் தெரியாத மக்களோடு பழகும் முறையும் கைவந்தது. இலங்கையில் அவருக்கு உதவியவை இவை இரண்டுமே. அவர் அதை அப்போது அறிந்திருக்க மாட்டார்.

1684இற் கோவாவுக்குத் திரும்பினார். மறுவருடம், உள்நாட்டுக் குருமார் சிலர் கூடி வாழ்ந்த ஒரு சிறு குழுவிற் சேர்ந்தார். அவர்கள் அவரையே தலைவராக்கினர். அதுவே கோவாவின் ஒரற்றோரியன் சபை. அக்காலத்தில் ஐரோப்பியத் துறவற சபைகள் இந்நாட்டவரை எளிதிற் சேர்த்துக்கொள்வதில்லை. ஆகவே இந்தியக் குருமார் தாமே நடத்திய அச்சபை ஒரு புதுமை. இலங்கையின் கதைக்கும் அது திறவுகோலாயிற்று. வெள்ளைக்காரக் குரு ஒருவர் யாழ்ப்பாணத்தில் இறங்கினால் ஒல்லாந்தர் அன்றே பிடித்துவிடுவர். கறுத்த மேனியும் கந்தைத் துணியுமாய் வரும் ஒருவரை எவர் ஐயுறுவர்? ஐரோப்பியர் தாழ்வென்று எண்ணிய நிறமே அவருக்குக் கவசமாயிற்று.

வழியோரத்திற் கிடந்தவர்

1686ஆம் ஆண்டிற் கோவாவைவிட்டுப் புறப்பட்டார். துணைக்கு யுவான் என்னும் பணியாளன் ஒருவனே. மலையாளக் கரை வழியாக நடந்து தூத்துக்குடியை அடைந்தார். 1687இல், பாஸ்குப் பண்டிகைக் காலத்தில், பரதேசி வேடத்தில் தோணி ஏறினார். கடல் கொந்தளித்தது, தோணி மன்னாருக்கு அடித்துச் செல்லப்பட்டது. அங்கிருந்து ஒருவாறு யாழ்ப்பாணம் வந்து சேர்ந்தார்.

வந்து சேர்ந்தவர் நிற்கவும் வலுவற்றவராயிருந்தார். வயிற்றளைச்சல் அவரைப் பற்றிக்கொண்டது. யுவானும் நோயுற்றான். தொற்றுநோய் என்று அஞ்சி மக்கள் கிட்ட வரவில்லை. இரு பரதேசிகளும் வழியோரத்திற் கிடந்தனர். அப்போது ஒரு பெண் இரக்கப்பட்டுக் கஞ்சி கொண்டுவந்து கொடுத்தாள். அந்தக் கஞ்சியைக் குடித்து முனிவர் பிழைத்தார் என்று வரலாறு கூறுகிறது. அவள் பெயர் எவருக்கும் தெரியாது.

இந்த இடத்தில் நான் புத்தகத்தை மூடிவிட்டுச் சிறிது நேரம் இருந்தேன். ஊரெல்லாம் முப்பது ஆண்டுகளாக ஒரு குருவுக்காக வேண்டிக்கொண்டிருக்கிறது. விடை வந்துவிட்டது. வந்த விடை குதிரையிலும் வரவில்லை, பல்லக்கிலும் வரவில்லை. நாற்றமெடுக்கும் நோயாளியாக வீதியோரத்திற் கிடக்கிறது. பார்த்தவர் மூக்கைப் பொத்திக்கொண்டு விலகிப் போகின்றனர். அந்தப் பெண் ஒருத்தி மட்டும் தன் வீட்டு அரிசியிற் கொஞ்சம் எடுத்துக் கஞ்சி காய்ச்சினாள். ஊரார் வேண்டுதலின் விடையை உயிரோடு வைத்திருக்கிறோம் என்று அவள் எண்ணியிருக்க முடியாது. நோயாளிக்குச் செய்யவேண்டியதைச் செய்தாள், அவ்வளவே. அவளும் மற்றவரைப்போல ஒதுங்கியிருந்தால் முப்பது ஆண்டு வேண்டுதலும் அன்றே வழியோரத்தில் மடிந்திருக்கும்.

உடல் தேறியதும் முனிவர் கழுத்திற் செபமாலையை அணிந்துகொண்டு வீடு வீடாய்ப் பிச்சைக்குப் போனார். அந்த மாலையை எவர் கண் ஆவலோடு நோக்குகிறது என்று கவனித்தார். அப்படியே கத்தோலிக்கக் குடும்பங்களைக் கண்டுபிடித்தார். பின்பு சில்லாலைக்குப் போய்த் தங்கினார். அவ்வூர் மக்கள் உறுதியான விசுவாசிகள். பகலில் மறைந்திருப்பார், இருள் சூழ்ந்ததும் வேலை தொடங்கும். பாவசங்கீர்த்தனம் கேட்பார், குழந்தைகளுக்கு ஞானஸ்நானம் கொடுப்பார், கிழக்கு வெளுக்குமுன் பூசை முடிந்துவிடும். தமிழைக் கற்று, மக்கள் மொழியிலேயே போதித்தார். இவ்வாறு இரண்டு ஆண்டுகளுக்கு மேல் கழிந்தன.

ஒரு நத்தார் இரவிற் சோதனை வந்தது. பூசைக்காகக் கூடியிருந்தோரை ஒல்லாந்தரின் ஆட்கள் வளைத்துக்கொண்டனர். முனிவர் அகப்படவில்லை, அவருடைய மக்கள் அகப்பட்டனர். சிலர் சவுக்கடி பட்டனர். சிலர் கடும் வேலைக்கு அனுப்பப்பட்டனர். காட்டிக் கொடுக்க அவர்கள் உடன்படவில்லை. தம்மாற் பிறர் துன்புறுவதைக் கண்ட முனிவர் யாழ்ப்பாணத்தை நீங்கி, கண்டியரசனின் ஆட்சிக்குட்பட்டிருந்த புத்தளத்துக்குப் போனார். துணைவர் வேண்டுமென்ற வேண்டுதல் அவரோடு கூடவே போயிற்று.

சிறையிற் கற்ற பாடம்

கண்டியரசன் இரண்டாம் விமலதர்மசூரியன் ஒல்லாந்தருக்கு அடங்காதவன், தன்னாட்சி உடையவன். அவனுடைய தலைநகரில் இடம் கிடைத்தால் அங்கிருந்து தீவு முழுவதற்கும் போய்வரலாம் என்று முனிவர் எண்ணினார். 1692இற் கண்டிக்குப் புறப்பட்டார். ஆனால் அரசவையிலே செல்வாக்கோடிருந்த லனரோல் என்னும் பிரெஞ்சுக்காரர், கத்தோலிக்கருக்கு மாறான மதத்தவர், இவர் போர்த்துக்கேயரின் ஒற்றர் என்று அரசனிடம் சொல்லிவைத்தார். நகரை அடையுமுன்னே முனிவரும் யுவானும் பிடிக்கப்பட்டு விலங்கோடு சிறையில் அடைக்கப்பட்டனர்.

மனிதக் கணக்கிற் பார்த்தால் எல்லாம் முடிந்துவிட்டது. துணைக்கு ஆட்களைக் கேட்டார், விலங்கு கிடைத்தது. ஆட்டை மேய்க்க ஆளில்லை என்று வந்தவர் பட்டியில் அடைபட்டார். இனி என்ன செய்வது?

அவர் செய்தது இது: சிங்களம் படிக்கத் தொடங்கினார். காவலரும் கைதிகளுமே சுற்றியிருந்தவர்கள். அவர்களோடு நாள்தோறும் பேசிப் பழகினார். தப்பி ஓடும் எண்ணம் இவருக்கு இல்லை என்று கண்ட காவலர் மெல்ல மெல்லக் கட்டைத் தளர்த்தினர். சிறை வளைவுக்குள்ளேயே ஒரு குடிசை போட்டுக்கொள்ள இடங் கிடைத்தது. அந்தக் குடிசை கோயிலாயிற்று. கண்டி நகரிலிருந்த கத்தோலிக்கர் ஒருவர் இருவராக அங்கே வந்து போகலாயினர். பின்னர் அவர் அங்கே தேவமாதா பெயரால் ஒரு கோயிலையும் எழுப்பினார். நகரிலே தேடியலைந்திருந்தால் எத்தனை நாளில் இத்தனை மக்களைக் கண்டிருப்பார் என்று சொல்ல முடியாது. சிறையிலிருந்தமையால் அவர்களே அவரைத் தேடி வந்தனர்.

பின்னர் கண்டியில் மழை பொய்த்தது. பயிர் கருகியது. பௌத்த பிக்குமாரின் வேண்டுதலுக்குப் பின், அரசன் இந்தக் கைதியையும் வேண்டுதல் செய்யுமாறு கேட்டான். முனிவர் வெளியிலே ஒரு பீடம் அமைத்துச் சிலுவையை நிறுத்தி முழங்காலிட்டார். பெருமழை பொழிந்தது என்றும், அவர் இருந்த இடம் மட்டும் நனையவில்லை என்றும் சொல்வர். நம்புவோர் நம்பலாம், அதில் நான் வழக்காட வரவில்லை. அதன்பின் அரசன் அவருக்கு நடமாடும் உரிமை கொடுத்தான் என்பது வரலாறு. விடுதலை பெற்றவர் அதை எதற்குப் பயன்படுத்தினார் என்பதே என் மனத்தைத் தொட்டது. கடல் கடந்து கோவாவுக்குப் போயிருக்கலாம். அவரோ ஒல்லாந்தரின் கோட்டையாகிய கொழும்புக்கே மாறுவேடத்திற் போனார்; அங்கு மறைந்து வாழ்ந்த கத்தோலிக்கரைக் கண்டு தேற்றினார்; மீண்டும் கண்டிக்குத் திரும்பி வந்தார்.

துணை வந்தது

1687 தொடக்கம் இந்நாள்வரை அவர் ஒருவரே. வடக்கே யாழ்ப்பாணம், மேற்கே புத்தளமும் கொழும்பும், நடுவே கண்டி. இடையிலே யானைக் காடும் காய்ச்சற் காடும். ஒரு மூலையில் ஒருவர் சாகக் கிடந்தால், மறுமூலையிலிருந்து நடந்து போவதற்குள் அடக்கம் முடிந்துவிடும். கோவாவுக்குப் போன கடிதம் எப்போது போய்ச் சேரும், சேருமோ சேராதோ, எவருக்கும் தெரியாது. அவருடைய சபையோ நேற்று முளைத்தது, அனுப்ப ஆளில்லை.

அந்தப் பத்தாண்டுகளை அவர் கழித்த முறையை எண்ணிப் பார்க்கிறேன். குருமார் வரும்வரை பொறுத்திருங்கள் என்று மக்களிடம் சொல்லிவிட்டு ஓரிடத்தில் இருந்தாரா? இல்லை. ஊர்தோறும் நல்லோரைத் தெரிந்தெடுத்து, செபம் நடத்தவும் பிள்ளைகளுக்குப் போதிக்கவும் நோயாளரைப் பார்க்கவும் பழக்கினார். தாம் இல்லாத நாளிலும் ஊர் தானே நிற்கும்படி செய்தார். இரு மொழிகளையும் கற்றுவைத்தார். அரசனின் நம்பிக்கையைத் தேடிவைத்தார். மழைக்குக் காத்திருக்கும் கமக்காரன் வரம்பு கட்டி, வாய்க்கால் வெட்டி, விதைநெல்லைக் காயவைப்பான். மழையை வரவழைப்பது அவன் கையில் இல்லை. வந்த மழை வீணாகாமற் பார்ப்பது அவன் கையில் உள்ளது.

1696–97 காலத்தில் விடை வந்தது. யோசே தெ மெனேசெஸ், யோசே கர்வாலியோ என்னும் ஒரற்றோரியன் குருமார் இருவர் கோவாவிலிருந்து வந்து சேர்ந்தனர். கொச்சி மேற்றிராணியார் முனிவரை இலங்கைக்குத் தமது பிரதிநிதியாக நியமித்த செய்தியும் எட்டியது. வந்தவர்கள் வெறுங் காட்டுக்கு வரவில்லை. அவர்களை வரவேற்க ஊர்கள் இருந்தன. கற்பிக்க ஆசான் இருந்தார். தங்க இடம் இருந்தது.

வந்த துணைக்கு முதலிற் கிடைத்த பணி பெருவிழா அன்று, பெருநோய். 1697இற் கண்டியில் வைசூரி பரவியது. அரசனும் அவையோரும் நகரை விட்டு அகன்றனர். நோயுற்றோரைச் சொந்த உறவினரே காட்டில் விட்டுவிட்டு ஓடினர். முனிவரும் கர்வாலியோ சுவாமியாரும் அவர்களைத் தேடிப் போயினர். குடில் போட்டுக் கிடத்தினர், கஞ்சி வார்த்தனர், புண்ணைக் கழுவினர், இறந்தவரைத் தம் கையாற் புதைத்தனர். எம்மதத்தவர் என்று கேட்கவில்லை. பத்தாண்டுக்கு முன் யாழ்ப்பாண வீதியோரத்திற் பெயர் தெரியாத ஒருத்தி வார்த்த கஞ்சி, கண்டிக் காட்டிலே பலருக்குப் பங்கிடப்பட்டது என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

1705இல் மேலும் குருமார் வந்தனர். யாக்கோமே கொன்சால்வெஸ் அவர்களுள் ஒருவர். முனிவர் தீவை எட்டுப் பகுதிகளாக வகுத்து, பகுதிக்கு ஒரு குருவை நியமித்தார். தனி ஒருவராய் ஓடித் திரிந்த நிலத்தில் இப்போது எட்டு விளக்குகள் எரிந்தன. மேற்றிராணியார் பதவி தம்மைத் தேடி வந்தபோது அதை மறுத்துவிட்டார். கொன்சால்வெஸ் சுவாமிகளின் மொழித்திறனைக் கண்டு அவரை எழுத்துப் பணியில் ஊக்கினார். அச்சகம் இல்லாத காலம். நூல்கள் ஏட்டிலே எழுதப்பட்டுப் படியெடுக்கப்பட்டு ஊரூராய்ப் போயின. குரு போக முடியாத வீட்டுக்கும் ஏடு போயிற்று. வேலிக்கு அப்பால் நான் கேட்ட குரலுக்கு வித்து அங்கேதான் இடப்பட்டது.

விமலதர்மசூரியனுக்குப் பின் 1707இல் நரேந்திரசிங்கன் அரசனானான். அவனும் முனிவரை மதித்தான். 1710இல் உடல் நலங் குன்றியிருந்தும் முனிவர் மற்றொரு பயணம் போனார், வழியில் நோயுற்றார். கண்டிக்குத் திரும்பியபின் காய்ச்சல் மேல் காய்ச்சல் வந்தது. 1711ஆம் ஆண்டு சனவரி 16ஆந் திகதி கண்டியில் உயிர் நீத்தார். வயது 59. இந்நாட்டில் 24 ஆண்டுகள் வாழ்ந்தார். பிறந்த மண்ணை அவர் மீண்டும் காணவேயில்லை.

வராத விடை

இவ்வளவில் நிறுத்திவிட்டால், பொறுத்தவர்க்கு எல்லாம் கிடைக்கும் என்று நான் சொல்வதாக ஆகிவிடும். அது உண்மையன்று, அந்த அம்மையாரிடம் அப்படிச் சொல்ல எனக்கு வாயும் வராது.

முனிவர் கேட்டவற்றுள் ஒன்று அவர் காலத்திற் கிடைக்கவில்லை. தம் மக்கள் பயமின்றிப் பகல் வெளிச்சத்திற் பூசை காண்பதை அவர் விரும்பினார். ஒல்லாந்தரின் தடை அவர் இறந்தபோதும் இருந்தது. அவர்கள் 1796இல் இத்தீவை ஆங்கிலேயரிடம் இழந்தனர். கத்தோலிக்கர்மீதிருந்த தடைகள் 1806ஆம் ஆண்டிலேயே நீக்கப்பட்டன. முனிவர் கண்மூடி அப்போது 95 ஆண்டுகள். நத்தார் இரவிற் பிடிபட்டுக் கடும் வேலைக்குப் போனவர்களுக்கு என்ன விடை வந்தது? வரலாறு அவர்களைப் பற்றி அதற்குமேற் பேசவில்லை. முனிவர் அடக்கஞ் செய்யப்பட்ட இடமும் இன்று உறுதியாகத் தெரியவில்லை. பின்வந்த கலகத்திற் கண்டிக் கோயில் அழிந்தது. 1995இற் பாப்பரசர் இரண்டாம் அருளப்பர் சின்னப்பர் அவரை முத்திப்பேறு பெற்றவராகவும், 2015 சனவரி 14இற் பாப்பரசர் பிரான்சிஸ் புனிதராகவும் கொழும்புக் காலிமுகத்திடலிலே அறிவித்தனர். அன்று திடல் நிறைய மக்கள். ஆனால் விழா எடுப்பதற்கு அவருடைய எலும்பொன்று நம்மிடம் இல்லை.

ஆகவே அவர் வாழ்க்கை எனக்குச் சொன்னது இதுதான். விடை வருமா, எப்போது வரும், எந்த உருவில் வரும் என்பன நம் கையில் இல்லை. காத்திருப்பவர் அன்றன்று செய்யும் செயல் அவருடையது. அது விடையை விலைக்கு வாங்குவதற்காகச் செய்யப்படுவதன்று. அவர் செய்யத் தக்கதென்று கண்டதனாற் செய்யப்படுவது. சிலவேளை அது மற்றொருவருடைய வேண்டுதலுக்கு விடையாகிவிடுகிறது. கஞ்சி வார்த்தவள் அறியாமல் ஒரு குருவைக் காத்தாள். முனிவர் அறியாமல் எங்கள் மொழிக்கு ஒரு நூலாசிரியரைத் தேடித் தந்தார்.

சென்ற வாரம் இதை அந்த அம்மையாரிடம் சொல்லலாமென்று போனேன். மாலை நேரம். விறாந்தையிற் பிள்ளைகள் பத்துப் பன்னிரண்டு பேர். ஒரு சிறுவனுக்கு வாய்ப்பாடு வரவில்லை; அவனைப் பக்கத்தில் இருத்தி, விரலைப் பிடித்து எண்ணக் கற்பித்துக்கொண்டிருந்தார். அச்சிறுவனின் தாய் தோட்டக் கூலி வேலைக்குப் போகிறவள் என்றும், பிள்ளை படிக்க வழியில்லையே என்று நெடுநாளாய்க் கோயிலில் அழுதுகொண்டிருந்தாள் என்றும் பிற்பாடு அறிந்தேன்.

நான் சொல்லப் போனதைச் சொல்லவில்லை. படலையடியில் நின்று, பாடம் முடியும்வரை பார்த்துவிட்டு, வீட்டுக்குத் திரும்பினேன். பொழுது பட்டபின் வேலிக்கு அப்பாலிருந்து செபமாலைக் குரல் கேட்டது.